டுலோக்செட்டின்: வலிக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி சிகிச்சைக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், நான் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். ஒவ்வாமை உண்டா என்று கேட்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

காரணம் சொல்லாமல் எழுதித்தருவது

மனச்சோர்வுக்கான மருந்தான டுலோக்செட்டினையே நீரிழிவால் நரம்பு கெட்டு வரும் கால் எரிச்சலுக்கும், உடலெங்கும் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கும், நாள்பட்ட முதுகுவலிக்கும் தருகிறோம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளில் செரட்டோனின், நார்எபிநெப்ரின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் இரண்டின் செயலையும் இது வலுப்படுத்துகிறது. மனச்சோர்வு இல்லாதவருக்கும் வலி குறைவது அதனால்தான். இதை விளக்காவிட்டால், நோயாளி வீட்டில் மருந்துத் தாளைப் படித்துவிட்டு, "என் வலி வெறும் மனப்பிரமை என்று டாக்டர் நினைத்துவிட்டார்" என்று முடிவுகட்டுவார். மருந்தைத் தொடவே மாட்டார்.

திடீரென நிறுத்த விடுவது

என்னை இன்றும் கோபப்படுத்துவது இதுதான். பாதம் எரிந்து தூக்கமின்றித் தவித்த ஓர் அம்மாவுக்கு 60 மில்லிகிராமில் நல்ல பலன் கிடைத்திருந்தது. மருந்து தீர்ந்தது, வலிதான் இல்லையே என்று அவர் வாங்கவில்லை. ஓரிரு நாளில் தலைசுற்றல், குமட்டல், கண்ணை அசைத்தால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு. பக்கவாதமோ என்று பயந்த மகன் அவரை அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தன; எதிலும் ஒன்றுமில்லை. "அண்மையில் எந்த மருந்தையாவது நிறுத்தினீர்களா?" என்று மட்டும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

உடலில் இந்த மருந்தின் அளவு ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இரண்டு, மூன்று நாளில் அநேகமாக வெளியேறிவிடும். அதற்குப் பழகிய நரம்பு மண்டலம் அந்த வேகத்தில் மாற முடியாமல் தடுமாறுகிறது. இது போதை அடிமைத்தனம் அல்ல. அளவைக் கூட்டச் சொல்லும் வெறி இதில் இல்லை. ஆனால் அந்த அம்மாவிடம் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மீண்டும் தொடங்க அவர் சம்மதிக்கவே இல்லை. எரிச்சல் திரும்பி வந்தது; அவருக்குப் பலித்த மருந்தோ கைநழுவிப் போயிற்று.

தொடங்கும் நாளிலேயே இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: "நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமானால் என்னிடம் வாருங்கள்." வரும்போது 60-லிருந்து 30-க்கு இறக்கி, இரண்டு வாரமாவது கழித்து நிறுத்தலாம். நெடுங்காலம் எடுத்தவருக்கு இன்னும் மெதுவாக. மறுபரிசோதனைத் தேதிக்கு முன்பே தீர்ந்துபோகும் அளவில் மருந்து எழுதுவதும் இதே தவறுதான்.

கூடவே என்ன விழுங்குகிறார் என்று பாராதது

டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், பதற்றம் என்று செரட்டோனின் மிகைப்பு வரலாம். போதாததற்கு, டிரமடால் உடலில் வீரியம் பெறுவதையும் டுலோக்செட்டின் குறைத்துவிடும். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. சிறுநீர்ப் பெருக்கி எடுக்கும் முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால், முதுமை என்று ஒதுக்காமல் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வலிக்குத்தானே என்று மனநிலையை விசாரிக்காதது

25 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை, மருந்தை எதற்காகக் கொடுத்தாலும் பொருந்தும். நேரடியாகக் கேளுங்கள். வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

அவசரமாக அளவைக் கூட்டுவது

முதல் வாரம் 30, பிறகு 60. உணவோடு எடுத்தால் குமட்டல் குறையும். வலிக்கு 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பக்கவிளைவுதான் கூடும்.

குடிப்பழக்கத்தைக் கேட்காதது

அதிகமாகக் குடிப்பவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் இது கூடாது.

கேப்சூலைப் பிரித்து நொறுக்கச் சொல்வது

உள்ளே இருக்கும் மணிகளின் மேற்பூச்சுதான் வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கிறது. முழுதாக விழுங்க வேண்டும்.