கவலையை ஜெபத்தில் இறக்கிவைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து, விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் பலருக்குக் கவலையே தொடங்குகிறது. பாட்டு பாடியாயிற்று, வேதம் வாசித்தாயிற்று. ஆனாலும் மகனுக்கு விசா வருமா, நகைக்கடன் வட்டி எவ்வளவு ஏறியிருக்கும், போட்டில் போனவர் இப்போது எந்தக் கடலில் இருப்பார் என்று மனசு ஓடுகிறது. "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்ல நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எப்படிப் பண்ணுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருபவர்கள்தான் குறைவு.

பிலிப்பியர் 4:6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." பவுல் இதைக் காவலில், கட்டப்பட்ட நிலையில் இருந்துகொண்டு எழுதுகிறார், சௌகரியமாக இருந்து சொன்ன அறிவுரை இல்லை. இதில் விண்ணப்பமும் உண்டு, ஸ்தோத்திரமும் உண்டு. நாமோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். சிலர் அழுது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வேறு சிலர், பயத்தை வெளியே சொன்னால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லியே அதை அமுக்கிவிடுவார்கள். எனக்கு இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தால்தான் அதிக கவலை.

படி 1: நேரமும் இடமும்

பதினைந்து நிமிடம், ஒரு பழைய நோட்டு, ஒரு பேனா போதும். படுக்கையில் வேண்டாம், தூக்கம் வரும். இல்லையென்றால் தூக்கம் போகும். விடியற்காலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று சட்டமில்லை. ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் அந்த நேரம் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்துகொண்டிருப்பார். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறையக் காத்திருக்கும் இடைவேளை அவருக்குப் போதும்.

படி 2: கவலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. "குடும்பக் கஷ்டம்" என்று பொதுவாக எழுதினால் ஜெபமும் பொதுவாகத்தான் வரும். ஒரு உதாரணத்துக்கு, குலசேகரம் பக்கம் ஒரு அம்மா. கணவருக்கு வெட்டு வேலை. அந்த அம்மா நோட்டில் இப்படி எழுதலாம்:

"ஜூன் பிறந்ததில் இருந்து மழை, வெட்டு நடக்கவில்லை. மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். அடகு வைத்த செயினைத் திருப்ப வேண்டிய தேதி தாண்டிவிட்டது. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தோடு எப்படிப் போவேன்?"

கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். இதையெல்லாமா ஆண்டவரிடம் சொல்வது என்று தோன்றும். பல நேரம் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிதான். எழுதிவிடுங்கள்.

தேவனிடம் இப்படிப் பேசலாமா என்று சந்தேகம் வந்தால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே முறையிடுகிறார். கடைசி வசனத்தில்தான் பாட்டு வருகிறது.

படி 3: செய்ய வேண்டியதைப் பிரித்துவையுங்கள்

எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பிக்க முடியுமா என்று நேரில் போய்க் கேட்கலாம். பீஸைத் தவணையாகக் கட்ட விடுவார்களா என்று காலேஜில் விசாரிக்கலாம். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், முழங்காலில் மட்டும் நிற்பதை ஜெபம் என்று சொல்ல மாட்டேன். அது தள்ளிப்போடுவது.

படி 4: சொந்தப் பேச்சில் கேளுங்கள்

மேடை ஜெபத்தின் நடை வேண்டாம். "ஆண்டவரே, நாளைக்கு அடகுக் கடையில் பேசப் போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கு. நிதானமாகப் பேச வார்த்தை தாரும். பீஸுக்கு ஒரு வழி காட்டும்." இவ்வளவுதான்.

ஒரு விஷயம். "உமக்குச் சித்தமானால்" என்பதை முதலிலேயே போட்டு, எதையும் கேட்காமல் முடித்துவிடாதீர்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு, பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் கேட்டார். அதன் பிறகுதான் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்றார் (மாற்கு 14:36). அதே வரிசையில் போங்கள்.

படி 5: நன்றி, ஆனால் விவரமாக

ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லும் பழக்கம் நம் பக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லதுதான். ஆனால் தொடங்குகிறவர்களுக்கு மூன்று போதும் என்பேன். இன்று நடந்ததாக இருக்க வேண்டும், கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும், நேற்று எழுதியதாக இருக்கக் கூடாது. "சுகம் பெலன் தந்தீரே" என்பது உண்மையாக இருந்தாலும், பத்தாவது நாள் வாய் மட்டும்தான் சொல்லும்.

அந்த அம்மா எழுதக்கூடியது: "பக்கத்து வீட்டு அக்கா ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து தந்தாள். மழையில் கரண்ட் போனபோது மகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். அவர் இன்றைக்கு எரிச்சல்படாமல் பேசினார்." இதை எழுதுவதால் பீஸ் கட்டியாகிவிடாது. ஆனால் நாள் முழுக்கக் கடன் மட்டும்தான் இருந்தது என்று மனசு சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சங்கீதக்காரன் தன் ஆத்துமாவிடமே சொல்கிறான் (103:2). மறப்பது நம் சுபாவம், அதனால்தான் நோட்டு.

மழைக்கு நன்றி சொல்ல முடியுமா? கஷ்டம்தான். வெட்டை நிறுத்திய அதே மழை பேச்சிப்பாறை அணையை நிரப்புகிறது. வயல் வைத்திருக்கிறவர்கள் அதற்காகத்தான் ஜெபித்திருப்பார்கள். இதை யோசித்தால் கோபம் கொஞ்சம் தணியும். அதற்கு மேல் உங்களை வற்புறுத்த வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, "அவங்களை விட நான் பரவாயில்லை" என்பது நன்றி இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பது. இன்னொன்று, 2004 சுனாமியிலும் 2017 ஒக்கி புயலிலும் ஆட்களை இழந்த வீடுகள் நம் கடற்கரை முழுக்க இருக்கின்றன. அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, நடந்ததற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று யாரும் உபதேசம் பண்ண வேண்டாம். அவர்களுக்கு 13ஆம் சங்கீதத்தின் முதல் வசனமே பல வருஷத்து ஜெபமாக இருக்கலாம்.

படி 6: நோட்டை மூடிய பிறகு

கவலை திரும்ப வரும். வந்தால் ஜெபம் பலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. திரும்ப முதலில் இருந்து தொடங்காமல், ஒரே வரியில் பதில் சொல்லுங்கள்: "இதை உம்மிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், ஆண்டவரே." 1 பேதுரு 5:7, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வசனம் நினைவில் நின்றால் போதும். ஜெபமாலை சொல்கிறவர்கள் மணியை உருட்டிக்கொண்டே இதைச் செய்யலாம்.

படி 7: ஒருவரிடமாவது சொல்லுங்கள்

சபை மூப்பரோ, அன்பியத்தில் (கத்தோலிக்கப் பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) ஒரு அக்காவோ, கூடப் பிறந்தவரோ. ஒருவர் போதும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் விஷயம் சனிக்கிழமை கூட்டத்தில் இருந்து ஞாயிறு ஆராதனைக்குள் ஊரைச் சுற்றிவிடுவது நமக்குத் தெரியாததா? வாயை மூடிவைத்திருக்கத் தெரிந்தவராகப் பாருங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். நம் மாவட்டத்தில் இது புதிய விஷயமே இல்லை. 1838லேயே நெய்யூரில் மிஷனரிகள் மருத்துவ ஊழியம் தொடங்கிவிட்டார்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பிரஷருக்கு அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416க்கு போன் பண்ணலாம். அரசு நடத்தும் மனநல உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.