பழைய காரில் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்களா?

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, முன் சக்கர இடுக்கில் டார்ச் அடித்து, வண்டியின் எடையைத் தாங்கும் காயில் (சுருள்) ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுற்றுக் கம்பியில் சின்னச் சின்னதாகக் கலர் பெயின்ட் தீற்றல் இருந்தால் பெரும்பாலும் கம்பெனி ஸ்பிரிங்தான். ஒரே மாடலிலும் பெட்ரோல், டீசல் எஞ்சின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கின் விறைப்பு மாறும்; மாற்றிப் பொருத்திவிடாமல் இருக்கவே தொழிற்சாலையில் இந்த நிறக்குறி வைக்கிறார்கள். அப்புறம் மறுபக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். ஒன்று துருவேறி, மற்றது புதுக் கறுப்பாக இருந்தால் அது மட்டும் மாற்றப்பட்டிருக்கிறது. உடைந்ததா, விபத்தா என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.

வயதான வண்டிகளில் பெயின்ட் உதிர்ந்திருக்கும், அங்கே இது உதவாது. கம்பெனி ஸ்பிரிங்கையே வாங்கி மாற்றியிருந்தாலும் குறி இருக்கும். சில மாடல்களில் இடது, வலது நிறமே வேறாக வரும். அதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.