"கையெழுத்தைப் பிறகு வாங்கலாம் சேர்": சின்னம் எடுக்கும் சாரணர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை எங்கள் சாரணர் துருப்பின் ஒன்றுகூடல் முடிந்து கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். 16 வயதுப் பொடியன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். "சேர், ஹைக் அறிக்கை எழுத வேணும். அன்றைக்கு எத்தனை மணிக்கு அவிசாவளையில் இறங்கினோம்?" ஹைக் என்கிற அந்த நெடுநடைப் பயணம் போய் ஏழு வாரம் ஆகிறது. எனக்கு வயிறு பிசைந்தது. அவன் வயதில் இதே கேள்வியை நானும் என் சேரிடம் கேட்டிருக்கிறேன்.

கழுத்துப்பட்டியை எப்படிச் சுருட்டுவது, சப்பாத்தை எப்படிப் பளபளக்க வைப்பது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை உங்கள் அணித் தலைவர் ஒரே மாதத்தில் கத்திக் கத்திச் சொல்லித் தந்துவிடுவார். கெட்டிக்காரப் பிள்ளைகளே வருடக்கணக்காகச் செய்கிற தவறுகள் வேறு.

சட்டைக்கை நிறையச் சின்னம், விருது இல்லை

புதிதாக வருகிறவர்கள் சுலபமான சின்னங்களாகப் பொறுக்குவார்கள். வீட்டில் மாமா முத்திரை சேர்த்தால் முத்திரைச் சின்னம், அம்மா நன்றாகச் சமைத்தால் சமையல் சின்னம். சட்டைக்கை நிறைந்துவிடும், அம்மம்மா படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவா. ஆனால் மாவட்ட ஆணையாளர் விருது, பிரதம ஆணையாளர் விருது என்று படிப்படியாக ஏறி உச்சியில் இருக்கிற ஜனாதிபதி சாரணர் விருதுக்குப் போகும் வழியில், ஆசைக்கு எடுக்கும் சின்னங்களோடு கட்டாயம் எடுக்க வேண்டியவையும் உண்டு. நாள் பிடிக்கிறவற்றை முதலில் தொடங்குங்கள். முதலுதவியை ஒரு வார இறுதியில் விழுங்க முடியாது. நீச்சல் அதைவிட மோசம். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்தபடி வளர்ந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கவே பயப்படுகிற பிள்ளைகள் எங்கள் துருப்பில் பாதிப் பேர். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சப்பாத்து நூலில் முடிச்சு

மேசையில் உட்கார்ந்து சப்பாத்து நூலில் போட்டுப் பழகிய போலைன் என்ற வளைய முடிச்சை, மழையில் நனைந்து தடித்த கயிற்றை இடுப்பில் சுற்றிப் போடச் சொன்னால் வராது. கண்ணை மூடிப் பழகுங்கள். தடிப்பு வேறுபட்ட இரண்டு கயிறுகளை, ஒரே தடிப்புக் கயிறுகளுக்கான ரீப் முடிச்சால் இணைத்துவிட்டு என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

அண்ணனின் பழைய கையேடு

இலங்கையில் சாரணியம் 1912இல் மாத்தளையில் தொடங்கியது. பாடத்திட்டம் அப்படியே இருக்குமா? தலைமையகம் கொழும்பு 2இல், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். போய் இப்போது எது நடைமுறையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

"கையெழுத்தைப் பிறகு வாங்கலாம்"

என் கதையைச் சொல்கிறேன். 17 வயதில் எனக்கு எல்லாமே முடிந்த மாதிரித்தான் இருந்தது. பாசறைகள் போயாச்சு. ஹைக் போயாச்சு. ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டிக்கு வருகிற அன்று காலையிலிருந்து தண்ணீர்ப் பந்தலில் நின்று சேவை செய்தாச்சு. எல்லாம் என் தலைக்குள் இருந்தது, கொஞ்சம் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. என்னைப் பரீட்சித்து, முடித்த வேலைக்கெல்லாம் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டிய சேர் நல்ல மனுசன். ஒவ்வொரு முறையும் "இன்னொரு நாள் ஆறுதலாக இருந்து போடுவம் தம்பி" என்பார். நானும் சரி என்று விளையாடப் போய்விடுவேன்.

ஒரு நாள் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். சொல்லிக்கொண்டுதான் போனார், பிரியாவிடையில் வடையும் சாப்பிட்டோம். அன்றைக்குக்கூட எனக்குப் புத்தகம் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து வந்தவர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். "நான் பார்க்காத வேலைக்கு நான் எப்படித் தம்பி கையெழுத்து வைக்கிறது?" என்றார். அவர் சொன்னது சரி. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சலாக இருப்பது அதுதான். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

தண்ணீர்ப் பந்தல் நடத்தியவர்களிடம் கடிதம் கேட்டுப் போனேன். நிர்வாகம் மாறியிருந்தது, என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. ஹைக் அறிக்கையை இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினேன். பரீட்சிக்க வந்தவர் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை மேசையில் விரித்தார். அதில் 2 சென்ரிமீற்றர் என்றால் தரையில் 1 கிலோமீற்றர். நான் எழுதியிருந்த பாதையில் விரலை வைத்துக்கொண்டே போனவர், ஓர் ஆற்றின் கரையில் நிறுத்தினார். "பாலம் இன்னும் வரவில்லையே. தம்பி நீந்தியா போனீங்கள்?" முன்னே சொன்னேனே, எனக்கு நீச்சல் தெரியாது.

எல்லாவற்றையும் திரும்பச் செய்யலாம் என்றுதான் நினைத்தேன். உயர்தரப் பரீட்சை வந்தது. அதற்குள் 18 வயதும் வந்துவிட்டது. ஜனாதிபதி சாரணர் விருதுக்கு 18தான் எல்லை, அதற்குப் பிறகு நீங்கள் மூத்த பிரிவான திரி சாரணர் (ரோவர்). என் அணியில் இருந்த நண்பன் ஒருவன் பாசறையில் சோற்றைக் கருக்குவான், ஹைக்கில் கால் கொப்பளித்து எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருவான். அவனிடம் ஒரு சீஆர் கொப்பி இருந்தது. அன்றன்றைக்கு எழுதி, அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கிவிடுவான். நாங்கள் அவனை "கிளார்க்" என்று பகிடி பண்ணுவோம். கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டு வரவேற்பறையில் ஜனாதிபதி சாரணர் சான்றிதழ் தொங்குகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் முறுக்குச் சாப்பிடுகிறேன்.

ஆகவே, பொக்கட்டில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம். பேனா வேண்டாம், பென்சில். மழையில் மை கரைந்து ஓடிவிடும். சந்தி, பாலம், கோயில், விகாரை என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று நேரத்தையும் திசைகாட்டி காட்டும் பாகையையும் எழுதுங்கள். போனில் நகரும் நீலப் புள்ளி உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அறிக்கை எழுதித் தராது. வீட்டுக்கு வந்து குளித்தவுடன், அல்லது அடுத்த நாளாவது, நல்ல பிரதி எழுதிவிடுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் கையெழுத்து. வெறும் கிறுக்கல் போதாது, பெயர், பதவி, திகதி மூன்றும் வேண்டும். சேவை செய்தால் அந்த இடத்தை விட்டு வரமுன் கடிதம் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், கேளுங்கள். கையெழுத்து விழுந்த பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். கொப்பி பஸ்ஸில் போய்விட்டால் அம்மாவிடம் இருக்கும்.

அக்கா எழுதிக் கொடுத்த அறிக்கை

எழுத்தைப் பார்த்தவுடனேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

தமிழில் மட்டும் பதில்

புத்தகத்தைத் தமிழில் எழுதுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் விருதுக்கான நேர்காணலில் எதிரே இருப்பவர் சிங்களத்தில் கேட்கலாம். கொழும்பில் பஸ்காரரோடு சண்டை பிடிக்கிற அளவுக்குச் சிங்களம் தெரிந்த பிள்ளைகள்கூட அங்கே போய் ஊமையாகிவிடுகிறார்கள். உங்கள் செயற்றிட்டத்தைப் பத்து வசனங்களில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லிப் பழகிவிட்டுப் போங்கள்.

அந்தப் பொடியனுக்கு வருகிறேன். ரயில் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. குறிப்பு? இல்லை. "சரி, வாற ஞாயிறு திரும்பப் போவம். இந்த முறை பென்சில் கொண்டு வா" என்றேன்.

"அன்றைக்கு மெத்ஸ் கிளாஸ் சேர்" என்றான்.