இரும்புப் போர்ஃபிரினைச் சோதிப்பது எப்படி?

கார்பன் டையாக்சைடைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றும் வினையூக்கியான இரும்பு டெட்ராஃபீனைல்போர்ஃபிரினைத்தான் புதிதாக வருபவர்களிடம் முதலில் கொடுப்பேன்.

கண்ணாடிக்கரி மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாப் பொடியில் எட்டுப் போட்டுத் தேய்த்துப் பளபளக்க வையுங்கள்; இதில் சோம்பல் கூடாது. டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானில் 1 மில்லிமோலார் வினையூக்கி, மின்சாரம் கடத்த 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பு. ஆர்கான் ஊதி ஆக்சிஜனை விரட்டிவிட்டு, மின்முனையின் மின்னழுத்தத்தை நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் எதிர்ப்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப ஓட்டினால் (சுழல் வோல்ட்டாமெட்ரி), போர்ஃபிரின் ஒவ்வோர் எலக்ட்ரானாக ஏற்பதைக் காட்டும் மூன்று அலைகள் மின்னோட்ட வரைபடத்தில் தெரியும்.

அப்புறம் கார்பன் டையாக்சைடு ஊதி, புரோட்டான் கொடுக்கக் கொஞ்சம் ஃபீனால் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். மூன்றாவது அலையில் மின்னோட்டம் எகிறும். உடனே துள்ளிக் குதிக்காதீர்கள். மின்முனையைத் தேய்க்காமல் அலசி மட்டும் எடுத்து, வினையூக்கி இல்லாத, மற்றதெல்லாம் அதேயான கரைசலில் ஓட்டுங்கள். அங்கேயும் எகிறினால், வேலை செய்வது மின்முனையில் ஒட்டிய படிவாக இருக்கலாம். கடைசியாக, ஒப்பீட்டு அளவுகோலான ஃபெரோசீனைத் துளி போட்டு மின்னழுத்த அளவைச் சரிபாருங்கள். முதலிலேயே போட வேண்டாம்.