கிளென்பியூடராலும் தசையும்: படிக்கும்போதே விழும் தவறுகள்

ஜிம்மில் ‘கிளென்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் கிளென்பியூடரால் என்ற மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். “அது ஒரு ஸ்டீராய்டு.” “அதைக் கொடுத்து எலிக்கு ஏறின சதை நமக்கு ஏறாதா?” இரண்டுமே தவறு. இரண்டாவது, உயிருக்கே ஆபத்தான தவறு.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்டீராய்டு ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. கிளென்பியூடரால் வாசலிலேயே நின்றுவிடும். தசை இழையின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் பீட்டா-2 ஏற்பி என்ற புரதத்தை அது தூண்டினால், உள்ளே சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகும். அதனால் புரத கைனேஸ்-ஏ என்ற நொதி விழித்துக்கொண்டு, மரபணுக்களை இயக்கிவிடும் கிரெப் என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். பல மரபணுக்கள் அதன்பின் இயங்கத் தொடங்கும். ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இது ஸ்டீராய்டுகள் அடங்கிய அனபாலிக் (தசை வளர்க்கும்) பொருள்களோடு சேர்ந்து நிற்பதால்தான் இந்தக் குழப்பம்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது மரபணு விஷயத்தில். இப்படி இயங்கத் தொடங்கும் என்ஆர்4ஏ குடும்ப மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் அவற்றின் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய எடுக்கப்படும் நகல், பன்மடங்கு எகிறும். மறுநாள் பார்த்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மாதிரியை எப்போது எடுத்தார்கள் என்று பார்க்காமல் ‘மரபணு கூடியது’, ‘கூடவில்லை’ என்று எழுதுவது அர்த்தமற்றது. எம்ஆர்என்ஏ கூடியதாலேயே புரதம் கூடிவிட்டது என்றும் ஆகாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தசை பெருப்பது புதிதாகப் புரதம் சேர்வதால் மட்டுமல்ல, இருப்பது சிதையாமல் இருப்பதாலும்தான். நரம்பு அறுபட்ட தசையில் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற சிதைப்பு மரபணுக்களை கிளென்பியூடரால் அடக்குகிறது. கூடுகிற மரபணுக்களை மட்டும் தேடுபவர் கண்ணில் இந்தப் பாதிக் கதை படவே படாது.

‘ஏற்பி அதிகமுள்ள தசைதான் அதிகம் பெருக்கும்’ என்பதும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எலியின் முழங்காலுக்குக் கீழே பிரித்துப் பாருங்கள்: பின்பக்கம் அடியில் செக்கச்செவேலென்று மெல்லிய சோலியஸ் தசை இருக்கும்; முன்பக்கம் விரல்களை நீட்டும் தசை வெளிறியிருக்கும். சிவந்ததில் பீட்டா ஏற்பிகள் இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆனால் பல ஆய்வுகளில் நன்றாகப் பெருப்பது வெளிறிய வேக இழைகள்தான். நெடுநேரம் களைக்காத மெதுவிழைகளும், சீக்கிரம் களைக்கும் வேக இழைகளின் குணத்துக்கு மாறத் தொடங்கும். சதை கூடினால் தாக்குப்பிடிக்கும் திறனும் கூடும் என்று நம்புபவர் இங்கே ஏமாறுகிறார்.

இனி, எலிக் கணக்கு. எலி ஆய்வுகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவு சாதாரணம். மனித மாத்திரை ஒன்றில் இருப்பது 20 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவர் எலிக் கணக்கை அப்படியே போட்டால் 3,000 மாத்திரை! உடலளவு வித்தியாசத்துக்காக ஆறில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 500. அதற்கு வெகு முன்பே கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மருந்தின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஒன்றரை நாள் ஆகும் என்பதால், தினமும் எடுப்பவர் உடலில் முதல் சில நாள்களுக்கு நேற்றையதன் மேல் இன்றையது ஏறிக்கொண்டே போகும். அதிக அளவு கொடுத்த எலிகளில் இதயத் தசைச் செல்களே மடிந்திருக்கின்றன. பெருத்த கைகால் படத்தைப் பகிர்பவர்கள் இதைப் பகிர்வதில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

தொடர்ந்து எடுத்தால் தொடர்ந்து வளரும் என்பதும் நடக்காது. ஓயாமல் தூண்டினால் செல் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும், பலன் மங்கும். பன்றிகளுக்கு இதே வகையைச் சேர்ந்த ராக்டோபமின் என்ற மருந்தை வளர்ப்பின் கடைசி வாரங்களில் மட்டும் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆஸ்துமா உள்ளவர்கள் சால்பியூட்டமால் இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுவும் பீட்டா-2 தூண்டிதான்; ஆனால் ஒரு முறை அழுத்தினால் வருவது பெரும்பாலும் 100 மைக்ரோகிராம், அதுவும் மூச்சுக்குழாய்க்கு. ஊக்கமருந்து விதிகளே 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை உள்ளிழுக்க அனுமதிக்கின்றன, எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல். போட்டிக்குப் போகும் பிள்ளைகள் பயப்பட வேண்டியது இருமல் சிரப்புக்கு. நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் என்ற இன்னொரு பீட்டா-2 தூண்டி இருக்கிறது, அது விளையாட்டில் தடைசெய்யப்பட்டது. வாங்கும்போதே லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.