வன்முறையும் உடலின் வயதும்: கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடம் கரையில், பிடிபட்ட விசைப்படகைப் பற்றி இரண்டு இரவாகச் சேதி வராமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "ரெண்டு நாள்ல பத்து வயசு கூடிப்போச்சேடி" என்று பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆற்றாமையில் சொன்ன பேச்சு அது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் அடியும் அச்சமும் உடலை முன்கூட்டியே முதுமையாக்குகின்றன என்ற ஆய்வுச் செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு, ஆளைப் பார்த்தே வயதுக் கணக்குப் போடுவது வேறு.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கைகள், நாற்பது வயதிலேயே தோல் தடித்து, பாறை கிழித்த தழும்புகளோடு இருக்கும். அது வெயிலும் உப்பும் பாறையும் செய்த வேலை. ஆய்வாளர்கள் பார்ப்பது பெரும்பாலும் இரத்தத்திலோ எச்சிலிலோ கிடைக்கும் செல்களை. செல் பிரியப் பிரிய, குரோமோசோமின் நுனியைக் காக்கும் டெலோமியர் என்ற பகுதி நீளத்தில் குறைந்துகொண்டே வருகிறது, டி.என்.ஏ. இழையின் மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளும் வயதோடு ஓர் ஒழுங்கில் மாறுகின்றன. அத்தகைய 353 இடங்களை வைத்து வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்டார். இவற்றில் எதுவும் முகத்தில் எழுதியிருப்பதில்லை. வீட்டில் அடிபடும் பெண்ணைப் பற்றி, "முகம் பளிச்சுனுதானே இருக்கு, அவளுக்கு என்ன குறை" என்று சொல்வது இதே தவறின் மறுபக்கம். எனக்கு அதுவே அதிகக் கவலை தருகிறது.

அடுத்து, எல்லாவற்றையும் 'கஷ்டம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிடுவது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்கள் வருமானமின்றிக் கழிவதும் கஷ்டம்தான். குடித்துவிட்டு வரும் தகப்பன் தாயை அடிப்பதைக் கதவிடுக்கில் நின்று பார்க்கும் பிள்ளைக்கும் கஷ்டம்தான். உடல் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், சிறு வயதில் வன்முறைக்கும் அச்சுறுத்தலுக்கும் ஆளானவர்களிடம் முன்கூட்டிய பூப்பும் செல்களின் விரைந்த முதுமையும் தென்பட்டன; வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. வறுமை உடலுக்குத் தீங்கு செய்யாது என்று இதற்குப் பொருளில்லை, அதன் வழி வேறு. பிரிட்டனில் 236 குழந்தைகளை ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பரிசோதித்தபோது, தாய் அடிபடுவது, பிற பிள்ளைகளின் தொடர்ந்த கொடுமை, பெரியவர்கள் அடிப்பது ஆகியவற்றில் இரண்டோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களின் டெலோமியர் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது.

பூப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் ஒரு பெண் பெரியவளானால், பிராய்லர் கோழியைக் குறை சொல்லிவிட்டுச் சடங்குக்குப் பந்தல் போடுகிறோம். உடல் எடை, பரம்பரை எனக் காரணங்கள் பல உண்டு. ஆகவே சீக்கிரம் பூப்பெய்திய பெண்ணின் வீட்டில் வன்முறை இருக்கிறது என்று முடிவு கட்டுவது அநியாயம். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டிலும் பள்ளியிலும் யாருக்காவது பயந்து நடக்கிறாளா என்று ஒருமுறைகூட விசாரிக்காமல் விடுவதும் தவறு.

இந்த முடிவுகள் எல்லாம் கூட்டத்தின் சராசரிகள் என்பதை மறந்துவிட்டு, பணம் கொடுத்து 'உங்கள் உண்மையான வயது' என்று ஓர் எண்ணை வாங்குவோரும் இருக்கிறார்கள். அந்த எண்ணால் எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டு எழுதப்போவதில்லை. மேலும், 2019இல் வந்த 'கிரிம்ஏஜ்' என்ற கணிப்பு முறை புகைப்பழக்கத்தின் தடத்தையும் சேர்த்தே அளக்கிறது. அச்சத்தை அடக்கப் பீடியைப் பிடித்தவரின் கூடுதல் வயதில் பீடிக்கும் பங்குண்டு. அதை விட்டுவிட்டுப் பழைய காயத்தை மட்டும் காரணமாகச் சொன்னால், கையில் இருக்கும் வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம்.

'ஆனது ஆச்சு, இனி உடம்பு திரும்பாது' என்று ஒதுங்குவது எல்லாவற்றிலும் கொடியது. பெரிய அறுவை சிகிச்சை, கர்ப்பம், கடுமையான கோவிட் ஆகியவற்றின்போது ஏறிய உயிரியல் வயது, அதாவது செல்கள் காட்டும் வயது, உடல் தேறியபின் இறங்குவதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது வன்முறையைப் பற்றிய ஆய்வு அன்று. ஆனால் இந்த அளவுகள் கல்வெட்டு அல்ல என்பதற்கு அது சாட்சி.

அடி நடந்துகொண்டிருந்தால் நிறுத்துவதே முதல் மருத்துவம். உதவிக்கு அழைக்க: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பழைய பயம் தூக்கத்தைக் கெடுத்தால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லி உறவினர்கள் நச்சரிக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம், "வீட்டுல ரொம்ப நாள் அடிதடி இருந்துச்சு" என்று ஒரு வரி சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.