நருட்டோ பார்க்கிறீர்களா? 135-க்கு அப்புறம் தாவுங்கள்

நருட்டோ ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் (அனிமே). அதன் முதல் தொடரில் மொத்தம் 220 எபிசோடு. நாயகன் நருட்டோவின் நண்பன் சாசுகே ஊரைவிட்டுப் போகும் கதை 135-இல் முடிகிறது. அதன்பின் கிட்டத்தட்ட எல்லாமே மங்காவில் (மூலமான படக்கதையில்) இல்லாத ஒட்டுக்கதைகள்தான். வாரம் ஓர் அத்தியாயம் வந்துகொண்டிருந்த மங்காவை அனிமே எட்டிப் பிடித்துவிட்டது. மங்கா முன்னே ஓடும்வரை இட்டு நிரப்பினார்கள். மூலக்கதையோடு முரண்படக் கூடாதே! அதனால் இவற்றில் யாரும் மாறுவதில்லை, எதுவும் நகர்வதில்லை. நண்பனை மீட்கத் துடித்த நருட்டோ சில்லறை வேலைகளுக்குக் கிளம்பிவிடுகிறான். கதையின் சூடே ஆறிப்போகிறது.

சரி, 135 முடிந்ததும் நேராக 220 பாருங்கள், அப்புறம் அடுத்த தொடரான ஷிப்பூடன். ஆனால் 101-ஐ மட்டும் விடாதீர்கள். அதுவும் ஒட்டுக்கதைதான், ஆசிரியர் ககாஷியின் முகமூடிக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் படும் பாடு!